ஐசியு வாசல்ல யோசிக்க நேரம் கிடைக்காது

1/
மூணு கேள்வி கேக்குறேன். எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், மனசுக்குள்ள யோசிச்சா போதும்.

உங்க அப்பாவுக்குக் கேன்சர்னு ரிப்போர்ட் வருது. அவர்கிட்ட சொல்லுவீங்களா?

உங்க தம்பி பைக்ல விழுந்துட்டான். மூளைச்சாவுன்னு டாக்டர் சொல்றாரு. உறுப்பு தானத்துக்குச் சம்மதிப்பீங்களா?

உங்க பாட்டி இருபது நாளா வெண்டிலேட்டர்ல இருக்காங்க. "போதும்"னு எப்போ சொல்லுவீங்க? யார் சொல்லுவீங்க?

2/
இதையெல்லாம் வீட்ல எப்பவாவது உக்காந்து பேசியிருக்கீங்களா? பெரும்பாலும் இருக்காது. பேச்சை எடுத்தாலே "வாயில நல்ல வார்த்தையே வராதா"ன்னு அம்மா திட்டுவாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான்.

ஆனா பெரம்பலூர், அரியலூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவனா சொல்றேன். இந்த மூணுல ஏதோ ஒண்ணு ஒருநாள் உங்க குடும்பத்தைத் தேடி வரும். வரும்போது நல்ல நேரம் பாத்து வராது.

3/
அந்த நேரத்துல என்ன நடக்கும்? (எந்தத் தனி நோயாளியோட கதையும் இல்ல இது. திரும்பத் திரும்பப் பாத்ததோட பொதுவான வடிவம்.)

ஐசியு வாசல்ல பதினஞ்சு பேர் நிப்பாங்க. மாமா ஒண்ணு சொல்லுவாரு, சித்தப்பா வேற சொல்லுவாரு. சிங்கப்பூர்ல இருக்குற பெரிய மகன் வாட்ஸ்அப் கால்ல வந்து "எவ்வளவு செலவானாலும் பரவால்ல, திருச்சிக்குக் கொண்டு போங்க"ம்பாரு. மூணு மாசமா பக்கத்துலயே இருந்து பீ மூத்திரம் அள்ளுன மருமக சுவரோரமா நிப்பாங்க. அவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.

4/
எங்க பக்கம்? ஒரு டியூட்டி டாக்டர். உள்ள நாலு பேர் சீரியஸ். வெளிய வந்து உங்ககிட்ட பேச எனக்குக் கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள நோயைச் சொல்லணும், பிழைக்கிற வாய்ப்பைச் சொல்லணும், கையெழுத்தும் வாங்கணும். நீங்க அழுதுட்டு இருப்பீங்க. சொன்னதுல பாதி காதுல விழாது. கடைசியில "நீங்களே பாத்து செய்ங்க சார்"னு சொல்லிட்டு, காட்டுன இடத்துல கையெழுத்துப் போடுவீங்க.

சட்டப்படி அது சம்மதம். உண்மையிலயே அது சம்மதமா?

5/
இந்த த்ரெட்ல நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான்.

இந்த மாதிரி முடிவுகளை நிதானமா, முன்கூட்டியே, ஊரோட சேர்ந்து யோசிக்க ஒரு பொது இடம் வேணும். அது நம்ம வரிப்பணத்துல நடக்குற அரசு மருத்துவக் கல்லூரிக்குள்ளயே இருக்கணும். அறநெறி மையம்னு பேர் வெச்சுக்கலாம், வேற பேரும் வெச்சுக்கலாம்.

"இருக்குற பிரச்சனையில இது ஒண்ணுதான் கொறச்சலா?"ன்னு கேப்பீங்க. கேக்கணும். அதுக்கு முன்னாடி, மத்த ஊர்கள்ல இது எப்படி வந்துச்சுன்னு பாத்துடலாம்.

6/
1960. அமெரிக்காவுல சியாட்டில் நகரம். பெல்டிங் ஸ்கிரிப்னர்னு ஒரு டாக்டர், கையில நிலையா ஒரு குழாய் இணைப்பு வெச்சு, ஒரே நோயாளிக்கு டயாலிசிஸைத் திரும்பத் திரும்பச் செய்ய வழி கண்டுபிடிச்சாரு. அதுக்கு முன்னாடி ரெண்டு கிட்னியும் நிரந்தரமா போச்சுன்னா சாவுதான். இப்போ வருஷக்கணக்கா வாழ வைக்கலாம்.

ஆனா மெஷின் கொஞ்சம், நோயாளிங்க நிறைய. யாருக்குக் கொடுக்குறது?

7/
அதுக்கு ஒரு கமிட்டி போட்டாங்க. ஏழு பேர். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு பேங்க்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கக்காரர், ஒரு சர்ஜன். பேரெல்லாம் ரகசியம்.

டாக்டர்கள் தகுதின்னு அனுப்புற நோயாளிகள்ல யார் வாழலாம், யார் சாகலாம்னு இவங்க முடிவு பண்ணாங்க. எதை வெச்சு? கல்யாணம் ஆயிருக்கா, எத்தனை குழந்தைங்க, என்ன வேலை, என்ன வருமானம், சர்ச்சுக்குப் போறவரா, ஊருக்கு உபயோகமான ஆளா. இதையெல்லாம் வெச்சு.

8/
1962 நவம்பர்ல லைஃப் பத்திரிகை இதை எழுதிடுச்சு. படிச்சவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கல்யாணம் ஆகாத கூலித் தொழிலாளியோட உயிர் கொறஞ்ச உயிரான்னு கேள்வி வந்துச்சு. அந்தப் பேச்சு பத்து வருஷம் ஓயல. 1972ல அமெரிக்க அரசாங்கம், கிட்னி செயலிழந்த கிட்டத்தட்ட எல்லாருக்கும் டயாலிசிஸ் செலவை அரசே ஏத்துக்கும்னு சட்டம் போட்டுச்சு. அதுக்கு வேற காரணங்களும் உண்டு. ஆனா ஊரறியப் பேசுன பேச்சும் ஒரு காரணம்.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

9/
அமெரிக்கா கதைன்னு ஒதுக்காதீங்க. 2021 மே மாசத்தை நினைச்சுப் பாருங்க. ஆம்புலன்ஸ் வரிசையா நிக்குது. ஆக்சிஜன் பெட் ஒண்ணுதான் காலி. முப்பத்தஞ்சு வயசு அம்மாவா, அறுபத்தஞ்சு வயசு தாத்தாவா? முதல்ல வந்தவருக்கா, பிழைக்க வாய்ப்பு அதிகமா இருக்குறவருக்கா?

இந்த நாட்டுல ஆயிரக்கணக்கான டாக்டர்கள் அந்த முடிவை வார்டுல நின்னுக்கிட்டே எடுத்தாங்க. எந்த முறை நியாயம்னு இந்த ஊர் மக்கள்கிட்ட அதுக்கு முன்னாடியும் யாரும் கேக்கல. அதுக்கு அப்புறமும் கேக்கல.

10/
அதே 1960கள்ல இன்னொரு சம்பவம். பால்டிமோர் நகரத்துல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. டவுன் சிண்ட்ரோம் உள்ள பச்சைக்குழந்தை, குடல்ல அடைப்பு. ஆபரேஷன் செஞ்சா அடைப்பு சரியாயிடும். "இப்படிப்பட்ட குழந்தை வேண்டாம்"னு பெத்தவங்க மறுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியும் கோர்ட்டுக்குப் போகல. பால் குடிக்க வழியில்லாம அந்தக் குழந்தை பதினஞ்சு நாள் கிடந்து செத்துச்சு.

1971ல கென்னடி அறக்கட்டளை இதைக் குறும்படமா எடுத்துப் பொதுமக்கள் முன்னாடி வெச்சுச்சு.

11/
அதே 1971ல, அதே அறக்கட்டளை உதவியோட, வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துல கென்னடி அறநெறி மையம் ஆரம்பமாச்சு. ஆரம்பிச்சவர் ஆந்த்ரே ஹெல்லெகர்ஸ். அவர் ஒரு மகப்பேறு டாக்டர். லேபர் வார்டுல நின்னவருக்கு அந்தக் கேள்வியோட கனம் தெரியும்.

1986ல கலிபோர்னியா சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்துல மார்க்குலா மையம் வந்துச்சு. அவங்க மருத்துவத்தோட நிறுத்தல. வியாபாரம், அரசியல், டெக்னாலஜின்னு எல்லாத்துலயும் ஒரு சாதாரண ஆள் முடிவெடுக்கும்போது எதையெல்லாம் கேட்டுப் பாக்கணும்னு எளிமையா எழுதி யார் வேணா படிக்கலாம்னு வெச்சிருக்காங்க.

12/
இந்தியாவுல? மும்பையில சில டாக்டர்கள் சேர்ந்து 1993லயே மருத்துவ அறநெறிக்குன்னு ஒரு இதழ் ஆரம்பிச்சாங்க. மங்களூர்ல ஏனபோயா பல்கலைக்கழகத்துல அறநெறிக்குத் தனி மையம் இருக்கு, அதுல முதுநிலை டிப்ளமோவும் படிக்கலாம்.

நல்ல வேலைங்க. ஆனா பெரும்பாலும் இங்கிலீஷ்ல, பெரும்பாலும் டாக்டருக்கும் ஆராய்ச்சியாளருக்கும். வேப்பந்தட்டையில மக்காச்சோளம் போட்டிருக்குற அண்ணனும், ஆண்டிமடத்துல முந்திரி உடைக்கிற அக்காவும் வந்து உக்கார அங்க நாற்காலி போடல.

13/
"நம்ம மருத்துவக் கல்லூரியில எத்திக்ஸ் கமிட்டி இருக்குமே?"ன்னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க.

அது ஆராய்ச்சிக்கான கமிட்டி. ஒரு புது மருந்தை நோயாளி மேல சோதிக்கணும்னா, ஒரு பிஜி ஸ்டூடண்ட் தீசிஸ் பண்ணணும்னா, அதுக்கு அனுமதி கொடுக்கும். ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதல்படி அதுல மருத்துவம் தெரியாத ஒரு பொதுஜனமும் உறுப்பினரா இருக்கணும். நல்ல விதி.

ஆனா உங்க பாட்டியோட வெண்டிலேட்டர் பத்தி அந்தக் கமிட்டி பேசாது. அது அதோட வேலையும் இல்ல.

14/
இப்போ எம்பிபிஎஸ் படிக்கிற பசங்களுக்கு 2019 பேட்ச்ல இருந்து நடத்தை, அறநெறி, நோயாளிகிட்ட பேசுறதுன்னு தனியா பாடமே வந்துடுச்சு. நான் படிச்சப்போ அது இல்ல. வந்தது ரொம்ப நல்லது.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ல திறந்தாங்க. வருஷத்துக்கு 150 சீட். அந்த 150 பேருக்கு வகுப்பு நடக்கும். 2011 சென்சஸ்படி அரியலூர் மாவட்டத்துல 7.5 லட்சம் பேர், பெரம்பலூர்ல 5.6 லட்சம் பேர். ரெண்டும் சேர்த்து 13 லட்சம். முடிவெடுத்துக் கையெழுத்துப் போடப்போறது இவங்க. இவங்களுக்கு எந்த வகுப்பு?

15/
சரி, இந்த ரெண்டு மாவட்டத்துல அப்படி என்ன பேச இருக்குன்னு பாப்போம். முதல்ல மூளைச்சாவு.

பெரம்பலூர் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில இருக்குற ஊர். விபத்துன்னா என்னன்னு இங்க யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்ல. தலையில அடி, மூளைச்சாவு, உறுப்பு தானம். பேப்பர்ல படிக்கும்போது "நல்ல மனசு"ன்னு லைக் போடுறோம். நம்ம வீட்டுப் பையன்னா?

16/
அந்தத் தமிழ் வார்த்தையே பாதி குழப்பம் பண்ணுது. "மூளைச்சாவு"ன்னு சொன்ன உடனே ஜனங்க என்ன நினைக்கிறாங்க? மூளை மட்டும்தான் செத்திருக்கு, மத்ததெல்லாம் உசுரோட இருக்கு, வைத்தியம் பாத்தா திரும்பிடும். நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சூடா இருக்கு, மானிட்டர்ல துடிப்பு ஓடுது. அப்போ எப்படி சாவு?

நியாயமான கேள்வி. முட்டாள்தனமான கேள்வி இல்ல.

17/
விளக்கம் இதுதான். இதயத்துக்குத் தானா துடிக்கிற சக்தி உண்டு. ஆக்சிஜன் கிடைக்கிற வரைக்கும் கொஞ்ச நாள் துடிக்கும். மூச்சு விடுறது மெஷின். மூளைத்தண்டு செத்துட்டா அவர் தானா ஒரு மூச்சுகூட விட முடியாது. அதைத் தகுதியுள்ள டாக்டர்கள் குழு, குறைஞ்சது ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதிச்சுப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது. கோமா வேற, இது வேற. கோமாவுல இருந்து சிலர் திரும்பி வருவாங்க. இதுல இருந்து யாரும் திரும்ப மாட்டாங்க.

இதை டீக்கடை பெஞ்சுல உக்காந்து கேட்டா பத்து நிமிஷத்துல புரியும். மகனை உள்ள வெச்சுக்கிட்டு ஐசியு வாசல்ல கேட்டா எந்த அம்மாவுக்கும் புரியாது.

18/
இறந்தவங்ககிட்ட இருந்து உறுப்பு தானம் பெறுறதுக்குத் தமிழ்நாடு 2008லயே ஒழுங்கான அமைப்பு கொண்டுவந்துச்சு. நாட்டுக்கே முன்மாதிரின்னு பேர். 2023 செப்டம்பர் 23ல, தானம் கொடுத்தவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச்சடங்குன்னு முதல்வர் அறிவிச்சாரு. கலெக்டர் வந்து மாலை வைக்கும்போது அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கிற ஆறுதல் பெருசு.

ஆனா மரியாதை கடைசியில வர்றது. புரிதல் முதல்ல வரணும். "வேண்டாம்"னு சொல்ற குடும்பத்துக்கும் அந்த உரிமை இருக்கு, அவங்க கெட்டவங்க இல்லன்னும் சேர்த்துப் பேசணும்.

19/
அடுத்து கேன்சர். "சார், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு." இதைச் சொல்லாத குடும்பத்தை நான் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன்.

பாடப்புத்தகம் சொல்லுது: உடம்பு அவருது, உண்மை தெரிஞ்சுக்குற உரிமை அவருக்கு. குடும்பம் சொல்லுது: நாப்பது வருஷம் அவரோட வாழ்ந்தது நாங்க, அவர் மனசு எங்களுக்குத் தெரியும். ரெண்டுலயும் நியாயம் இருக்கு. அதனாலதான் இது கஷ்டம்.

20/
ஆனா வார்டுல நான் பாக்குறது இன்னொண்ணு. பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரிஞ்சுடும். பக்கத்து பெட்காரர் சொல்லுவாரு, போர்டைப் படிப்பாரு, முடி கொட்டும்போது புரிஞ்சுக்குவாரு. தனக்குத் தெரியும்னு பிள்ளைங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு அவரும் நடிப்பாரு.

ரெண்டு பக்கமும் நடிச்சுக்கிட்டே அந்தக் கடைசி ஆறு மாசம் போயிடும். நிலத்தை யாருக்கு எழுதணும், எந்தக் கடனை அடைக்கணும், யார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு அவருக்கு ஆயிரம் இருந்திருக்கும். ஒண்ணும் பேசாமலே போயிடுவாரு.

21/
மூணாவது, எனக்கு ரொம்ப வலிக்கிறது. 2011 சென்சஸ் எடுத்துப் பாருங்க. அரியலூர் மாவட்டத்துல 1000 ஆணுக்கு 1015 பெண். பெரம்பலூர்ல 1003. சந்தோஷமா இருக்கா?

இப்போ ஆறு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களை மட்டும் பாருங்க. பெரம்பலூர்ல 1000 பையனுக்கு 913 பொண்ணு. அரியலூர்ல 897. மாநில சராசரி 943. பெரியவங்கள்ல பெண்கள் அதிகம் இருக்குற அதே ஊர்ல, குழந்தைங்கள்ல நூத்துக்கணக்குல பொண்ணுங்களைக் காணோம்.

22/
சட்டம் இல்லையா? கருவுல இருக்குறது ஆணா பெண்ணான்னு சொல்லக்கூடாதுன்னு 1994லயே சட்டம் வந்தாச்சு. ஒவ்வொரு ஸ்கேன் சென்டர்லயும் போர்டு தொங்குது. சட்டத்தால போர்டு மாட்ட முடியும், சீல் வைக்க முடியும், ஜெயில்ல போட முடியும். "மூணாவதும் பொண்ணா?"ன்னு கேக்குற மாமியாரோட அந்த ஒரு பார்வையை எந்தச் சட்டம் தடுக்கும்?

அந்த மாமியாரும் ஒரு காலத்துல அதே பார்வையை வாங்கினவங்கதான். வரதட்சணைக் கணக்கு, கொள்ளி வைக்க ஆள், நிலம் வெளிய போயிடும்ங்குற பயம். இதையெல்லாம் போஸ்டர் ஒட்டி மாத்த முடியாது. உக்கார வெச்சுப் பேசணும், திருப்பிப் பேச விடணும்.

23/
நாலாவது. பதினேழு வயசுப் பொண்ணு, அம்மாவோட வருது, கர்ப்பம். போக்சோ சட்டப்படி நான் போலீசுக்குத் தகவல் கொடுத்தாகணும், கொடுக்கலைன்னா எனக்குத் தண்டனை. "போலீஸ்னா நாங்க கிளம்புறோம் சார்"னு அம்மா எந்திரிப்பாங்க. இங்க இருந்து கிளம்புனா எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியும். போலி டாக்டர்கிட்ட. அப்புறம் அந்தப் பொண்ணு ரத்தம் இல்லாம, செப்டிக் ஆகித் திரும்பி வரும். சில சமயம் வராது.

24/
2022 செப்டம்பர் 29ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழி சொல்லுச்சு. கருக்கலைப்புக்கு வர்ற மைனர் பொண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கிட்டா, டாக்டர் தகவல் கொடுக்கும்போது அந்தப் பொண்ணோட பேரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்ல.

இது எத்தனை அம்மாவுக்குத் தெரியும்? தெரியாததாலதானே அந்த பயம்? இன்னொரு பக்கம், அந்தப் பொண்ணைக் கெடுத்தவன் சொந்தக்காரனாவே இருந்தா? ரகசியம் காப்பாத்துறது அவனைக் காப்பாத்துறதா ஆயிடாதா? எனக்கு எளிமையான பதில் இல்ல. உங்ககிட்டயும் இருக்காது. அதனாலதான் சேர்ந்து யோசிக்கணும்ங்குறேன்.

25/
கடைசியா, வெண்டிலேட்டர். மீள முடியாத நிலையில உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு 2018 மார்ச் 9ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. நடைமுறை ரொம்பக் கஷ்டமா இருந்ததால 2023 ஜனவரியில எளிமையாக்குச்சு. ரெண்டு சாட்சியோட, நோட்டரி இல்லன்னா கெஜட்டட் அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்டாப் போதும்.

இப்படி எழுதி வெச்ச ஒருத்தரைக்கூட நான் இங்க பாத்ததில்ல. பாக்குறதெல்லாம் என்ன? காசு தீர்ந்த அன்னைக்கு "வீட்டுக்குக் கொண்டு போறோம்"னு கையெழுத்து. அங்க முடிவெடுத்தது நோயாளி இல்ல, குடும்பமும் இல்ல. காலியான பர்ஸ்.

26/
இப்போ மையம் எப்படி இருக்கணும்னு என் ஆசையைச் சொல்றேன். கட்டடம் வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். மருத்துவக் கல்லூரியில ஒரு ஹால், ஒரு ஒருங்கிணைப்பாளர், மாசத்துக்கு ஒரு சாயங்காலம். ஒரு மாசம் ஒரே ஒரு கேள்வி. முதல் இருபது நிமிஷம் தெரிஞ்ச ஒரு டாக்டரோ வக்கீலோ விவரத்தை மட்டும் நல்ல தமிழ்ல சொல்லணும். மீதி நேரம் மக்கள் பேசணும். ஒரு மாசம் அரியலூர், அடுத்த மாசம் பெரம்பலூர், அப்புறம் ஜெயங்கொண்டம், குன்னம்னு போகலாம்.

27/
யார் உக்காரணும்? ஒரு கிராம சுகாதார செவிலியர், ஒரு சுயஉதவிக் குழுத் தலைவி, ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார், மாற்றுத்திறன் குழந்தையை வளர்க்குற ஒரு அம்மா, டயாலிசிஸ்ல இருக்குற ஒருத்தர், ஒரு வக்கீல், அரசு கலைக் கல்லூரிப் பசங்க. பிணவறை ஊழியரையும் கூப்பிடணும். சாவைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது எங்க புரொபசருக்குத் தெரியாது.

இவங்க பேசுனதை எளிமையான தமிழ்ல நாலு பக்கம் அச்சடிச்சு ஓபி வாசல்ல வெக்கணும். புத்தகத் திருவிழாவுல ஒரு ஸ்டால் போடணும்.

28/
எப்படி இருக்கக்கூடாதுன்னும் சொல்லிடறேன்.

பட்டிமன்றமா ஆகக்கூடாது. எனக்குப் பட்டிமன்றம் பிடிக்கும், ஆனா அதுல நடுவர் தீர்ப்பு உண்டு, கைத்தட்டல் உண்டு. இதுல தீர்ப்பு கிடையாது. ஒரு தனிப்பட்ட நோயாளியோட கேஸைப் பேசுற பஞ்சாயத்தாவும் ஆகக்கூடாது. யார் பேரும் வரக்கூடாது. நம்ம ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில சொந்தம், ரகசியம் ஒரு பஸ் ஸ்டாப் தாண்டாது. டாக்டர்கள் மேடை ஏறி மக்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தர்ற இடமாவும் ஆகக்கூடாது.

29/
ஏன்னா கேள்வி எங்க மேலயும் வரணும். அரசு டாக்டர் டியூட்டி முடிஞ்சு தனியா கிளினிக் வெச்சுக்கத் தமிழ்நாட்டுல தடை இல்ல. அது சரியா? காலையில இங்க ரெண்டு நிமிஷம் பாத்தவர் சாயங்காலம் அங்க இருபது நிமிஷம் பாத்தா அது என்ன நியாயம்? சிசேரியன் நிஜமாவே தேவைதானா? திருச்சிக்கு, தஞ்சாவூருக்கு ரெஃபர் எழுதுறது நோயாளிக்காகவா, எங்க தலைவலி தீரவா?

கேளுங்க. கசப்பா இருக்கும், ஆனா ஹால்ல உக்காந்து கேக்குற கேள்வி, வார்டுல கண்ணாடி உடையுறதை விட ஆயிரம் மடங்கு மேல்.

30/
இப்போ நீங்க கேக்கப்போற கேள்வி. "முதல்ல டாக்டர் போஸ்டிங் போடச் சொல்லு, மெஷின் வாங்கச் சொல்லு. அப்புறம் அறநெறி பேசலாம்."

ரெண்டும் வேணும். ஆனா சியாட்டிலை ஞாபகப்படுத்துறேன். "யாருக்கு மெஷின்?"ங்குற கேள்வி மூடுன ரூமுக்குள்ள இருந்த வரைக்கும் மெஷின் பத்தாமலேயேதான் இருந்துச்சு. அது ஊர்ப் பேச்சா மாறின பிறகுதான் "ஏன் எல்லாருக்கும் இல்ல?"ங்குற அடுத்த கேள்வி பிறந்துச்சு. எது நியாயம்னு பேசப் பழகுன ஜனங்கதான் எது நம்ம உரிமைன்னும் கேப்பாங்க.

31/
"திருக்குறள் இருக்க இதெல்லாம் எதுக்கு?" குறள் இருக்கு, குர்ஆன் இருக்கு, பைபிள் இருக்கு. எல்லாத்துலயும் அறம் இருக்கு. ஆனா வெண்டிலேட்டர் அந்தக் காலத்துல இல்ல. படிச்ச அறத்தை இந்த மெஷின் முன்னாடி எப்படிப் பொருத்துறதுன்னு நாமதான் உக்காந்து யோசிக்கணும்.

"பாமர மக்களுக்கு இதெல்லாம் புரியுமா?" இதைக் கேக்குறவங்க மேல எனக்குக் கோவம் வரும். ஏரித் தண்ணியை எந்த வயலுக்கு முதல்ல திறக்கிறது, அஞ்சு அண்ணன் தம்பிக்கு நாலு ஏக்கரை எப்படிப் பிரிக்கிறதுன்னு தலைமுறை தலைமுறையா முடிவெடுத்த ஜனங்க இவங்க. கொறஞ்சதைப் பங்கு போடுறதுல இருக்குற நியாய அநியாயம் நம்மளை விட இவங்களுக்கு நல்லாத் தெரியும். மருத்துவ விவரத்தைப் புரியுற மாதிரி சொல்ல வேண்டியது எங்க பொறுப்பு.

32/
யார் ஆரம்பிக்கணும்? கல்லூரி டீனும் சமூக மருத்துவத் துறையும் நினைச்சா ஆரம்பிக்கலாம். தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விட்டா எல்லா மாவட்டத்துலயும் நடக்கும். நீங்களும் கேக்கலாம். அக்டோபர் 2, ஜனவரி 26ன்னு வருஷத்துக்குச் சில தடவை கிராம சபை கூடுது. ரோடு, தண்ணி, லைட்டோட சேர்த்து இதையும் ஒரு மனுவா கொடுங்க. "எங்க மருத்துவக் கல்லூரி எங்களோட பேசணும்." இவ்வளவுதான் கோரிக்கை.

33/
அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் ஒருநாள் ராத்திரி சாப்பிட்ட பிறகு டிவியை அணைச்சுட்டு, அப்பா அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "உங்களுக்குப் பெருசா ஏதாவது வந்தா, உங்ககிட்ட முழுசா சொல்லணுமா, வேண்டாமா?"

திட்டுவாங்க. திட்டி முடிச்ச பிறகு பதில் சொல்லுவாங்க. பல பேர் நீங்க நினைச்சதுக்கு நேர் எதிரா சொல்லுவாங்க.

34/
அந்தப் பதிலை ஞாபகம் வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்ற குடும்பத்துக்கு, எங்களோட அந்த அஞ்சு நிமிஷம் போதும்.

நீளமான த்ரெட். என் கருத்துல உடன்பாடு இல்லைன்னா கமெண்ட்ல சொல்லுங்க, நாளைக்கு நைட் டியூட்டி முடிஞ்சு வந்து பதில் போடுறேன்.